நீலம் கூடிப்போன படம்

“வெள்ள வெள்ளையாவே இல்ல.”

காலையில் பல் விளக்கி முடித்ததும் பாண்டுரங்கன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை இதுதான். கொடியில் கிடக்கிற வேட்டியைப் பார்த்தாலும் சொல்வார், தட்டில் வைத்த இட்லியைப் பார்த்தாலும் சொல்வார், டிவியைப் போட்டாலும் சொல்வார். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார், இதை மறக்க மாட்டார்.

அவர் பெண்டாட்டி கோவிந்தம்மாள் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற ஆள் இல்லை.

“வெள்ளையா இல்லன்னா நீயே தொவச்சுக்கோ. கை இல்லியா? கல்லு இல்லியா? நான் வாணாம்னா சொன்னேன்?”

“கொற சொல்லலடி. கண்ணுல படுது, சொல்றேன்.”

“கண்ணுல பட்டதெல்லாம் வாயில வரணுமா?”

இப்படி வெடுக்கென்று சொன்னாலும் அடுத்த முறை துணி அலசும்போது சொட்டு நீலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு போதும். அப்புறம் எட்டானது, பத்தானது. இப்போது சொட்டுக் கணக்கெல்லாம் கிடையாது, மூடியில் ஊற்றித்தான் அளக்கிறாள். டீக்கடையில் ஒருத்தன், “இன்னாண்ணே, எங்கனா கம்பெனில சேந்துட்டியா? யூனிபாரம் போட்டுகினு வர்ற?” என்று கேட்டானாம். அதையும் பாண்டுரங்கன் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோவிந்தம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனுஷன் வாய் மூடினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பாண்டுரங்கனுக்கு ஐம்பத்தொன்பது வயது. திண்டிவனம் நேரு வீதியில் ஒரு டிவிக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். விற்றது அவர் இல்லை. விற்ற டிவியை வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது அவர் வேலை. மற்ற ஆட்கள் ஆணி அடித்து, மாட்டி, படம் தெரிந்ததும் ஒரு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் உட்கார்ந்துவிடுவார். கையில் ரிமோட்டை எடுத்தால் வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் கீழே வைக்க மாட்டார். கடையை விட்டு நின்ற பிறகு அந்தக் கிறுக்கே பிழைப்பாகிவிட்டது. இப்போதுதான் எல்லார் வீட்டிலும் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, பக்கத்தில் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டுப் போட்டுவிட்ட ஒரு கம்ப்யூட்டர் என்று இருக்கிறதே. அதில் படத்தை ஏற்றி இதில் பார்க்க வேண்டும். ஒயரைச் சொருகினால் படம் வரும், நல்ல படம் வராது. அதற்குப் பாண்டுரங்கன் வர வேண்டும். பெயரைச் சொல்லிக்கூட யாரும் தேட மாட்டார்கள். “செட்டிங் இருக்காரா?” என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் காரியமாக டிவிக்குள் கலரை ஏற்றிக் காட்டுகிற ‘விவிட்’ என்று இருப்பதை அணைப்பார். “இது வளையல் கட லைட்டு. கடைக்கு சரி, வூட்டுக்கு ஆவாது.” அடுத்து ஷார்ப்னஸைக் கீழே இறக்குவார். அது ஏறிக் கிடந்தால் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அப்புறம் கம்ப்யூட்டரைப் பிடிப்பார். டிவியில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை புள்ளியைக் கம்ப்யூட்டரும் அனுப்ப வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. கறுப்பு, சாம்பலாகத் தெரிந்தால் இரண்டும் வேறு வேறு அளவில் பேசுகின்றன என்பார். ஒருத்தி படியில் அளந்து போடுகிறாள், இன்னொருத்தி ஆழாக்கு என்று நினைத்து வாங்குகிறாள் என்று கோவிந்தம்மாள் அதைப் புரிந்துவைத்திருந்தாள்.

படம் தக்கித் தக்கி ஓடினால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு. “படத்த ஓட்டுறதுக்குன்னே உள்ள ஒரு சிப்பு இருக்குது. அது பாட்டுக்கு தூங்கிகினு இருக்கும். அத எழுப்பி வேல வாங்கணும். இல்லன்னா மொத்த வேலயும் ஒருத்தன் தலயில வுழும், அவன் மூச்சு வாங்குவான்.” இது கோவிந்தம்மாளுக்கு விளக்காமலே விளங்கியது. அவள் வீட்டில் முப்பது வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாட்ஸ்ஆப்பில் வந்த கல்யாணப் படத்தைப் பெரிய டிவியில் போடச் சொல்கிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். “அது கரும்புச் சக்க. சாறு புழிஞ்சுட்டு அனுப்பியிருக்கான். சாறு வோணும்னா பென் டிரைவ்ல ஒரிஜினல வாங்கிகினு வா.”

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு நாற்பது செகண்ட் படத்தைப் போட்டுப் பார்ப்பார். அது அவரே எடுக்கச் சொன்ன படம். நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாண வீடியோ எடுக்கும் ஜெகதீசனை மொட்டை மாடிக்குக் கூட்டிவந்து, காலை பத்து மணி வெயிலில், பெரிய கேமராவில் எடுத்தது. கொடியில் வெள்ளை வேட்டி, கோவிந்தம்மாள் கையில் ஒரு தட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, உடம்பில் அரக்குப் புடவை. காற்றில் வேட்டி ஆடும். அவள், “போதுமாய்யா, வெயிலு கொளுத்துது” என்று முறைப்பாள். அவ்வளவுதான் படம். அதைப் போட்டு வெள்ளையையும் அரக்கையும் அவள் முகத்தையும் பார்த்துத்தான் கலரை முடிப்பார். பிறகு மாறினால் வீட்டுக்காரர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றிவிட்டும் வருவார்.

“ஊர்ல இருக்கறவன் வூட்ல எல்லாம் என் மூஞ்சிய வச்சுட்டு வர்றியே, உனக்கு வெக்கமா இல்ல? மார்க்கெட்டுல ஒருத்தி, ‘நீங்க மல்லாட்ட அம்மாதான’ங்கிறா.”

“உன் மூஞ்சிதாண்டி அளவு. செவப்பா இருக்கறவள எந்த டிவியும் காட்டிப்புடும். உன் கறுப்ப கறுப்பா, களையோட காட்டணும் பாரு, அதுக்குத்தான் வேல. வெளுத்துக் காட்டுனா அது பொய் சொல்ற டிவி.”

கோவிந்தம்மாள் இதைக் கேட்டால் மட்டும் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜுலைகா பீவி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். இருவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். ஜுலைகா பீவியின் பிறந்த வீடு கோட்டக்குப்பம். மகன் உஸாமா துபாயில் இருக்கிறான். மகள் அப்ஸானாவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. உஸாமா ஊருக்கு வந்தபோது பெரிய டிவி வாங்கி மாட்டி, தன் கம்ப்யூட்டரையும் அதில் இணைத்துவிட்டுப் போயிருந்தான். கல்யாணப் படம் பென் டிரைவில் வந்து சேர்ந்ததும் ஜுலைகா பீவி பாண்டுரங்கனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை செட்டிங் முடிந்திருந்தது.

பிரியாணியைத் தட்டில் போட்டுவிட்டு ஜுலைகா பீவி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்லட்டா?”

“தப்பா இருந்தா தப்பாத்தான் நெனப்பேன். நீ சொல்லு.”

ஜுலைகா பீவி போய்க் கல்யாணப் படத்தைப் போட்டாள். படத்தில் குறை இல்லை. ஒரு மயிர்க்கோடு கலையாமல், நகையில் கல் கல்லாக எண்ணிவிடலாம் போல் இருந்தது. ஆனால் அப்ஸானாவின் சிவப்புப் பட்டு ஊதாவாக இருந்தது. மாப்பிள்ளையின் வெள்ளை உடை, நீலத்தில் முக்கிப் பிழிந்ததாக இருந்தது. முகங்களில் ரத்தமே இல்லை.

“அப்ஸானாவப் பாருங்கக்கா. கல்யாணப் பொண்ணா இது? பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தவ மாரி இருக்கா. வெள்ளிக்கெழம மாப்ள வூட்டுலேந்து பதினஞ்சு பேரு படம் பாக்க வர்றாங்க.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“எப்டிக்கா சொல்றது? மூணு மணி நேரம் குந்திகினு செஞ்சாரு. முடிச்சுட்டு, ‘இப்பதாம்மா வெள்ள வெள்ளையா இருக்குது’ன்னு எவ்ளோ சந்தோசமா சொன்னாரு. சரிங்கண்ணேன்னுட்டேன்.”

“சரிதான்.”

“எதுத்த வூட்டு அன்புச்செல்வி டீச்சரும் இதயேதான் சொன்னாங்க. அண்ணன் செஞ்சு குடுத்துட்டுப் போன மறுநாளே ரிமோட்ல மாத்திடறாங்களாம். அண்ணன் அந்தப் பக்கம் வர்றது தெரிஞ்சா, பழையபடி நீலமாக்கி வச்சுடறாங்களாம். அவர் மனசு நோவக் கூடாதுன்னு.”

கோவிந்தம்மாள் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, “அந்த என் படத்தப் போடு” என்றாள்.

தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்து நாளாகியிருந்தது. திரையில் நின்றவளைப் பார்த்தால், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டிப் பிணமாகக் கிடத்தியவள் எழுந்து நிற்பது போல் இருந்தது. உதடு கருநீலம். தட்டில் மல்லாட்டை, கூழாங்கல். பின்னால் கொடியில் ஆடிய வேட்டியைப் பார்த்தாள். அந்த நீலம் அவளுக்கு நன்றாகப் பழக்கமான நீலம். அன்று காலையில் பாண்டுரங்கன் போட்டுக்கொண்டு போன சட்டையும் அதே நீலம்தான். அதை அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தது அவள் கை.

வேட்டி வெள்ளையாக இல்லை என்றார். அவள் நீலம் போட்டாள். டிவியும் அவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு அவரே போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து இரண்டு சட்டைகளை எடுத்தாள். நாலு மணி வெயில் ஜன்னலில் இருந்தது. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“இதுல எது வெள்ள?”

“இன்னாத்துக்கு?”

“கேட்டதுக்கு சொல்லு.”

பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார். நீலம் ஏறிக் கிடந்த சட்டையைத் தொட்டு, “இது வெள்ள. அது பழுப்பு” என்றார்.

“அந்தப் பழுப்பு, தீவாளிக்கு நம்ம பொண்ணு அஸ்வினி எடுத்துக் குடுத்தது. இன்னும் தண்ணியே காட்டல. அட்டகூட உருவல பாரு.”

“கட லைட்டுல ஏமாத்தியிருப்பான் அந்தப் பொண்ண.”

“யாரும் யாரையும் ஏமாத்தல. உன் கண்ணுல கோளாறு. வா, டாக்டருகிட்ட காட்டிகினு வரலாம்.”

அவ்வளவுதான். மனுஷன் ஆடித் தீர்த்துவிட்டார். இருபத்தாறு வருஷம் இந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு போட்டேன், உனக்கு என்ன தெரியும், அடுப்படியில் இருக்கிறவள் எனக்குக் கலர் சொல்லித் தருகிறாயா என்று ஒரே சத்தம். கோவிந்தம்மாள் கத்தவிட்டாள். கடைசியில் குரல் இறங்கியபோதுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

“அனந்தபுரத்துல நம்ம தம்பி முத்துசாமி கண்ணுல ஆப்ரேசன் பண்ணிகினானே, தெரியுமில்ல? கட்டு அவுத்ததும் எல்லாம் நீலமா தெரியுதுன்னான். அவனுக்கு இன்னா, மல்லாட்ட நீலமா தெரிஞ்சாலும் புடுங்கிடுவான். எனக்கு அப்டியாடி? கண்ண தொறந்து கலர மாத்தி வுட்டுட்டான்னா நான் எதடி வச்சு வேல செய்வேன்?”

கோவிந்தம்மாள் சட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள். அவளுக்குக் கோபம் அவர் மேல் இல்லை. இந்தத் தெருவில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் அவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்பாள், பஸ்ஸில் சில்லறை தராவிட்டால் கேட்பாள். வீட்டில் ஒருத்தர் இரண்டு வருஷமாக, தினம் காலையில், எனக்கு வெள்ளை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதைத் தன் துவைப்புக்கு வந்த குறையாகவே எடுத்துக்கொண்டாள். ஏன்யா அப்படித் தெரியுது என்று ஒரு நாள் கேட்டதில்லை. நீலத்தை ஊற்றி வாயடைத்தாள். ஊரார் மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள், அவள் எரிச்சலில் சும்மா இருந்தாள். விளைந்தது ஒன்றுதான்.

திங்கட்கிழமை முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் டீ குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து கோவிந்தம்மாள் சொன்னாள்:

“பீவி வூட்டு டிவியில வெள்ள வெள்ளையா இல்லியாம்.”

டம்ளரை வைத்துவிட்டு அவர் சட்டையைத் தேடினார். அந்த வார்த்தைக்கு அவரால் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இருவரும் போனார்கள். ஜுலைகா பீவி கதவைத் திறந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் நாற்பது செகண்ட் படத்தைப் போட்டார். உற்றுப் பார்த்தார்.

“நல்லாத்தான கீது. இன்னா கொற?”

கோவிந்தம்மாள் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள். பத்து மணி வெளிச்சம் உள்ளே விழுந்தது. படம் எடுத்தபோது கட்டியிருந்த அதே அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் போய் டிவிக்குப் பக்கத்தில், திரையில் நின்றவளுக்குத் தோளோடு தோளாக நின்றாள்.

“படத்த நிறுத்து. இப்ப பாரு. அங்க ஒருத்தி, இங்க ஒருத்தி. ரெண்டும் ஒண்ணா?”

பாண்டுரங்கன் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படத்தை மனசில் இருக்கிற முகத்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் ஆளை நிறுத்திப் பார்த்ததே இல்லை. மங்கிய கண்ணுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. அவர் கண் அங்கேயும் இங்கேயும் போய்ப் போய் வந்தது. ரிமோட் வைத்திருந்த கை தாழ்ந்தது.

“ஒண்ணா இல்ல” என்றார் மெதுவாக. பிறகு, “எதுடி நெசம்?” என்று கேட்டார்.

“கிட்ட வந்து தொட்டுப் பாரு, எது நெசம்னு தெரியும்.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்த்து, “ஏம்மா ஜுலைகா, நீ கூட சொல்லலியே?” என்றார்.

ஜுலைகா பீவி வாசற்படியில் வந்து நின்றாள். “பெரியவங்ககிட்ட எப்டிண்ணே சொல்றது?”

“இன்னும் யார் யாரும்மா இப்டி சொல்லாம இருக்காங்க?”

அவள் பார்வை வாசல் வழியே எதிர் வீட்டுப் பக்கம் போனது.

அன்று அந்த டிவியை இருவரும் சேர்ந்து சரி பண்ணினார்கள். அவள் நகராமல் நின்றாள், அவர் அவளைப் பார்த்துப் பார்த்து ரிமோட்டை அழுத்தினார். “செவப்பு கூட்டு. நீலத்த எறக்கு. இன்னும் எறக்குய்யா, நான் என்ன செத்தா போய்ட்டேன்? ஆங், போதும்.” அடுத்து அப்ஸானாவைப் போட்டார்கள். பட்டு சிவப்பாக இருந்தது. பெண்ணின் கன்னத்தில் வெட்கம் தெரிந்தது. ஜுலைகா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விழுப்புரம் பஸ் ஏறினார்கள். கிழக்குப் பாண்டி ரோட்டில் இருக்கிற மகள் அஸ்வினி, கண் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு வைத்துக் காத்திருந்தாள். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. வலது கண்ணுல நல்லா முத்திடுச்சு. உள்ள இருக்கிற லென்ஸ் டீக்கலரா ஆயிருக்கு. அது வழியாத்தான் எல்லாத்தையும் பார்த்துட்டு இருக்கீங்க.”

“ஆப்ரேசன் பண்ணா கலர் மாறுமா டாக்டர்?”

“மாறினதுதான் திரும்பும். கொஞ்ச நாளைக்கு நீலம் தூக்கலா தெரியும். நீங்க மஞ்சளுக்குப் பழகிட்டீங்க இல்ல, அதனால. அப்புறம் சரியாயிடும்.”

பாண்டுரங்கன் மகளைப் பார்த்தார். “அப்ப முத்துசாமி சொன்னது...”

“யப்பா, முத்துசாமி சித்தப்பா பத்து நாள்ல எல்லாம் சரியாப்போச்சுன்னும்தான் சொன்னாரு. உனக்கு நீலம் மட்டும்தான் காதுல வுழுந்துச்சு.”

அடுத்த வாரம் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவர் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். கையால் இடது கண்ணை மூடினார். அப்புறம் வலது கண்ணை மூடினார். மறுபடி இடது. ஒரு கண்ணுக்குச் சுவர் சுண்ணாம்பு, மறு கண்ணுக்கு அதே சுவர் டீ சிந்திய வேட்டி. கால் மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடப் போனார்.

பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“இன்னாடி இது? நீலப் புட்டிக்குள்ள வுட்டு எடுத்தியா?”

“நீதான கேட்ட.”

“கேட்டா? ஒரு அளவு வாணாம்?”

அஸ்வினி சிரித்தாள், கோவிந்தம்மாளும் சிரித்தாள். பாண்டுரங்கனும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அவர் மனசு எங்கே போய்விட்டது என்று கோவிந்தம்மாளுக்குத் தெரிந்தது.

“ரெண்டு வருசத்துல எத்தினி வூடு இருக்கும்டி?”

“வூட்டுக்குப் போய் யோசிக்கலாம். இப்ப கண்ண மூடு.”

வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் விட்டு வீடுகளை எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை. எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. யாராவது வந்து கூப்பிடுவார்கள், அவர்கள் வண்டியின் பின்னால் ஏறிப் போவார், இறக்கிவிடுவார்கள். பெயர் மறந்துவிடும். டிவி என்ன சைஸ், கம்ப்யூட்டரில் என்ன சிப்பு என்பது மட்டும் நினைவிருக்கும்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா வெளியே போகலாம் என்றதும் கிளம்பிவிட்டார். தனியாக இல்லை. ஒரு கண் மட்டும் சரியாக இருக்கும்போது தன்னை நம்ப முடியாது என்று கோவிந்தம்மாளையும் கூட்டிக்கொண்டு போகிறார். முதலில் அன்புச்செல்வி டீச்சர் வீடு. டீச்சர் வழக்கம்போல, “எங்க வீட்ல நல்லாத்தானே இருக்குங்க” என்றார். “டீச்சரம்மா, பொய் சொன்னது போதும், ரிமோட்ட எடுங்க” என்று கோவிந்தம்மாள் சொல்லிவிட்டாள். பாவம், டீச்சருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போகிற வீட்டில் எல்லாம் ஜன்னலைத் திறந்து அவள் டிவி பக்கத்தில் நிற்கிறாள். அவர் உட்கார்ந்து திருப்புகிறார். அரக்குப் புடவை வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. “இந்தப் புடவ கிழியறதுக்குள்ள ஊர முடி, ஜல்தியா” என்று அவள் திட்டிக்கொண்டேதான் போகிறாள். முழங்கால் வலிக்கிறது என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

இதுவரை முப்பத்தொரு வீடு முடிந்திருக்கிறது. இன்னும் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. மயிலம் பக்கம் சில, அனந்தபுரத்தில் கடைத்தெருவில் ஒன்று, திருவாமாத்தூரில் ஒரு மாடி வீடு, விழுப்புரத்திலேயே நாலைந்து இருக்கும். அவருக்குத் தூக்கம் கெடுவது அவற்றை நினைத்துத்தான்.

“எங்கியோ ஒரு வூட்ல இன்னும் ஒரு கல்யாணப் பொண்ணு நீலமா ஓடிகினு இருக்காடி. அவ அம்மா பாத்துட்டு, நம்ம பொண்ணு அன்னிக்கு இப்டியா இருந்தான்னு நெனச்சுப்பா.”

இடது கண்ணுக்கு டாக்டரம்மா இரண்டு முறை நாள் குறித்துக் கொடுத்தார். இரண்டு முறையும் இவர் தள்ளிப் போட்டுவிட்டார். வீடெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அந்தக் கண்ணும் முத்திக்கொண்டே வருகிறது, காத்திருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். அஸ்வினி போனில் அழுது பார்த்தாள். கோவிந்தம்மாள் அவளுக்குத் தெரிந்த வசவெல்லாம் வைதுவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. போன இரண்டு வருஷத்தில் உங்கள் வீட்டு டிவியிலோ கம்ப்யூட்டரிலோ பாண்டுரங்கன் கை வைத்திருந்தால், அவரைப் போய்ப் பாருங்கள். நீங்களே ரிமோட்டில் மாற்றிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, போய் அதைச் சொல்லுங்கள். கணக்கில் ஒரு வீடு குறையும், ஆஸ்பத்திரி ஒரு நாள் கிட்டே வரும். திண்டிவனம் தீர்த்தக்குளத்துக்குப் பின்தெரு, பச்சைக் கம்பிக் கதவு போட்ட வீடு. செட்டிங் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். காலை பத்து மணிக்குள் போனால் இரண்டு பேரும் இருப்பார்கள். போன பிறகு, எங்கள் வீட்டில் நன்றாகத்தான் இருந்தது என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.